நாற்பது பவுண்டு இருக்கை: ஆக்ஸ்ஃபோர்டின் கிரேக்கப் பேராசிரியர்கள்

ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்க மொழிக்கென்று எட்டாம் ஹென்றி மன்னர் ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தினார். ஆண்டுச் சம்பளம் 40 பவுண்டு. இது 1540களில் நடந்தது. 1864-இல் அந்த இருக்கையில் இருந்தவருக்கும் அதே 40 பவுண்டுதான். இடையில் முந்நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. ரொட்டி, விறகு, வீட்டு வாடகை எல்லாம் பல மடங்கு ஏறிவிட்டன. அந்த எண் மட்டும் அசையவில்லை.

ஒரு பல்கலைக்கழக இருக்கையின் வரலாற்றை அதில் அமர்ந்தவர்களின் பெயர்ப் பட்டியலாக எழுதுவதுதான் வழக்கம். பணம் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள், யார் நியமித்தார்கள், பதிலுக்கு என்ன வேலையை எதிர்பார்த்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால்தான் அந்தப் பெயர்களுக்கு அர்த்தம் வரும். ஆக்ஸ்ஃபோர்டின் கிரேக்க இருக்கையைப் போல இதைத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு குறைவு.

முதலில், ஒரு மன்னர் கிரேக்கத்துக்குச் சம்பளம் கொடுக்க ஏன் முன்வந்தார்? மேற்கு ஐரோப்பாவில் இடைக்காலம் முழுவதும் லத்தீனே கல்வி மொழி. கிரேக்கம் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். 1397-இல் கான்ஸ்டாண்டிநோப்பிளிலிருந்து மானுவேல் கிரிசொலோரஸ் ஃபிளாரன்ஸுக்கு வந்து பாடம் சொன்னதிலிருந்து நிலைமை மாறியது. 1476-இல் மிலானில் கான்ஸ்டன்டைன் லாஸ்கரிஸின் கிரேக்க இலக்கணம் அச்சேறியது. முழுக்கக் கிரேக்க எழுத்திலேயே அச்சான முதல் நூல் என்று அதைச் சொல்வார்கள். இத்தாலியில் படித்துத் திரும்பிய வில்லியம் குரோசின் 1490களில் ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தார். 1517-இல் பிஷப் ரிச்சர்ட் ஃபாக்ஸ் நிறுவிய கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் கிரேக்கத்துக்கென்றே ஒரு விரிவுரையாளர் வைக்கப்பட்டார்.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் டச்சு அறிஞர் எராஸ்மஸ் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தை அச்சிட்டிருந்தார். திருச்சபை ஆயிரம் ஆண்டுகளாக வாசித்துவந்த லத்தீன் பைபிளைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தலாம் என்பது பலருக்கு அச்சமூட்டியது. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கூட்டம், பழங்கதையில் கிரேக்கர்களோடு போரிட்ட டிராய் நகரத்தாரின் பெயரில், தங்களை ‘டிரோயர்கள்’ என்று அழைத்துக்கொண்டு, கிரேக்கம் படிப்பவர்களைத் தெருவில் கேலி செய்தது. 1518-இல் மன்னரின் ஆலோசகரான தாமஸ் மோர் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நீண்ட கண்டனக் கடிதம் எழுதினார். மன்னர் கிரேக்கத்தின் பக்கம் நின்றார். 1530-இல் பிரான்ஸில் முதலாம் ஃபிரான்சிஸ் கிரேக்கத்துக்கும் எபிரேயத்துக்கும் அரச விரிவுரையாளர்களை நியமித்துவிட்டார்; அதன் பிறகு இங்கிலாந்து மன்னரும் சும்மா இருக்க முடியாது. 1540-இல் கேம்பிரிட்ஜிலும், அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஆக்ஸ்ஃபோர்டிலும் ஐந்து அரச இருக்கைகள் வந்தன: இறையியல், எபிரேயம், கிரேக்கம், உரிமையியல் சட்டம், மருத்துவம். தலைக்கு 40 பவுண்டு.

அன்றைக்கு அது கணிசமான தொகை. ஒரு கிராமத்துப் பங்குக் குருவின் ஆண்டு வருவாய் பெரும்பாலும் 15 பவுண்டைத் தாண்டாத காலம் அது.

பணம் வந்த வழிதான் பின்னால் வினையாக முடிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு இருக்கைகளுக்கு முதலில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் குருமார் குழு பணம் கொடுத்தது. பிறகு அந்தக் குழு தன் நிலங்களில் ஒரு பகுதியை மன்னரிடம் ஒப்படைத்து அந்தப் பொறுப்பிலிருந்து விடுபட்டது. 1546-இல் மன்னர் கிறைஸ்ட் சர்ச் என்ற மாபெரும் கல்லூரியை நிலங்களோடு நிறுவியபோது, இறையியல், எபிரேயம், கிரேக்கம் ஆகிய மூன்று பேராசிரியர்களின் சம்பளமும் அதன் தலையில் ஏற்றப்பட்டது. ஆக, நிலம் கல்லூரியிடம்; அதன் விளைச்சலும் குத்தகையும் ஏற ஏறக் கல்லூரிக்கே வரவு. பேராசிரியருக்கு ரொக்கமாக ஒரே எண். நம் கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு ஆடு விடும்போது ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதுவார்கள்; கொடை தேயாமல் இருக்க முதல் எப்போதும் உயிரோடு பெருக வேண்டும் என்ற கணக்கு அது. கிரேக்க இருக்கைக்கு அப்படி ஒரு முதலே கிடையாது. 40 என்ற எண் மட்டும்தான் இருந்தது.

விலைவாசி ஏறியபோது மற்ற நான்கு இருக்கைகளும் வேறு வருவாயில் ஒட்டிக்கொண்டு பிழைத்தன. முதலாம் ஜேம்ஸ் காலத்தில் இறையியல் பேராசிரியருக்குக் கிறைஸ்ட் சர்ச்சிலேயே குருமார் குழுவின் கேனன் பதவியும், மருத்துவருக்கு யூவெல்ம் அறச்சாலையின் தலைமைப் பதவியும், சட்டப் பேராசிரியருக்கு சாலிஸ்பரி பேராலயத்தின் மானியம் ஒன்றும் சேர்க்கப்பட்டன. எபிரேயத்துக்கு முதலாம் சார்லஸ் காலத்தில் ஒரு கேனன் பதவி வந்தது. கிரேக்கத்துக்கு மட்டும் எதுவும் வரவில்லை. கேம்பிரிட்ஜின் கிரேக்கப் பேராசிரியருக்கோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈலி பேராலயத்தின் கேனன் பதவி கிடைத்தது.

கேம்பிரிட்ஜ் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பின்னால் சுவடி விஷயத்துக்கு அது தேவைப்படும். அங்கே முதல் அரச கிரேக்கப் பேராசிரியரான ஜான் சீக், கிரேக்கத்தை எப்படி உச்சரிப்பது என்பதையே மாற்ற முயன்றார். பைசாந்தியத்திலிருந்து, அதாவது கான்ஸ்டாண்டிநோப்பிளைத் தலைநகராகக் கொண்ட கிரேக்கப் பேரரசிலிருந்து, வந்த ஆசிரியர்கள் தங்கள் காலத்துப் பேச்சு வழக்கில் படித்தார்கள். அதில் ஈட்டா, அயோட்டா, உப்சிலோன் என்ற மூன்று எழுத்துகளும், ‘எய்’, ‘ஒய்’ என்று எழுதப்படும் கூட்டெழுத்துகளும் எல்லாமே ‘இ’ என்று ஒலிக்கும். பழங்காலத்தில் இப்படி இருந்திருக்காது என்று எராஸ்மஸ் 1528-இல் எழுதியிருந்தார். இதற்கு இன்றும் மாணவர்களுக்குச் சொல்லும் சான்று ஆட்டின் குரல். கிராட்டினோஸ் என்ற பழைய நகைச்சுவை நாடகாசிரியர், ஆடு கத்துவதைப் பீட்டா, ஈட்டா என்ற இரு எழுத்துகளால் எழுதியிருக்கிறார். பைசாந்திய வழக்கில் அதை வாசித்தால் ‘வீ, வீ’ என்று வரும். எந்த ஆடும் அப்படிக் கத்துவதில்லை. ‘பே, பே’ என்றால்தான் ஆடு. ஆனால் பல்கலைக்கழகத்தின் சான்சலராக இருந்த பிஷப் ஸ்டீஃபன் கார்டினர் 1542-இல் புதிய உச்சரிப்பைத் தடை செய்து ஆணையிட்டார். மீறும் சிறுவர்களுக்குப் பிரம்படி. பெரியவர்களுக்கு அவையிலிருந்து நீக்கம். உயிரெழுத்தின் ஒலிக்குப் பிரம்படி வைத்த காரணமும் சமயம்தான். மூலமொழியின் ஒலியையே அறிஞர்கள் திருத்தலாம் என்றால், மற்றவற்றை ஏன் திருத்தக்கூடாது என்ற கேள்வி அடுத்து வரும்.

ஆக்ஸ்ஃபோர்டு இருக்கை பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பெரும்பாலும் தூங்கியது. 40 பவுண்டுக்கு யாரும் முழு நேரம் உழைக்க மாட்டார்கள். ஆகவே வேறு வருவாய் உள்ள குருமார்கள் அதைப் பட்டமாக வைத்துக்கொண்டார்கள், அல்லது ஏணியாகப் பயன்படுத்தினார்கள். ஜான் ராண்டால்ஃப் 1782-இல் கிரேக்கப் பேராசிரியரானார். அடுத்த ஆண்டே வருவாய் மிகுந்த இறையியல் இருக்கைக்குத் தாவினார். பிறகு பிஷப் ஆனார். அவருக்கு அடுத்து வந்த வில்லியம் ஜாக்சனும் பிஷப் ஆனார்.

1812-இல் வந்த தாமஸ் கைஸ்ஃபோர்டு வேறு வகை. 1855-இல் இறக்கும்வரை 43 ஆண்டுகள் இருக்கையில் இருந்தார். 1831 முதல் கிறைஸ்ட் சர்ச்சின் டீனும், அதாவது தலைவரும், அவரே. வகுப்பு எடுப்பதில் அவருக்கு நாட்டமில்லை. அவருடைய உழைப்பெல்லாம் சுவடிகளில். பைசாந்தியர்களின் பெரிய சொற்களஞ்சியமான சூடாவை 1834-இல் பதிப்பித்தார். 1801-இல் பாட்மோஸ் தீவின் மடத்தில் எட்வர்ட் டேனியல் கிளார்க் கண்டெடுத்த பிளேட்டோ சுவடி 1809-இல் போட்லி நூலகத்துக்கு வந்தபோது, அதன் பாடங்களை, அதாவது அதில் உள்ள சொல்வடிவங்களை, உலகத்துக்கு எடுத்துச் சொன்னவரும் அவரே. அந்தச் சுவடி 895-ஆம் ஆண்டு அரேதாஸ் என்ற குருவுக்காக எழுதப்பட்டது. எழுத்துக்கூலி 13 பொற்காசு, தோலுக்கு 8 பொற்காசு என்று சுவடியிலேயே கணக்கு இருக்கிறது. கிரேக்க நூல்கள் ஏன் இவ்வளவு குறைவாகத் தப்பிப் பிழைத்தன என்பதற்கு அந்த 21 காசே பெரிய விளக்கம்.

இந்த வேலை எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் இருக்கையின் மதிப்புப் புரியும். முதலில் ஒரு நூலுக்கு உலகில் எங்கெங்கே சுவடி இருக்கிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும். பிறகு ஒரு அச்சுப் பிரதியை அடிப்படையாக வைத்து ஒவ்வொரு சுவடியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு வேறுபாடுகளைக் குறிக்க வேண்டும். அடுத்தது குடும்பம் பிரிப்பது. இரண்டு சுவடிகள் சரியான பாடத்தில் ஒத்துப்போனால் அதில் உறவு தெரியாது. ஒரே பிழையைப் பகிர்ந்தால்தான் உறவு தெரியும். ஒரு சுவடி இன்னொன்றைப் பார்த்து எழுதியது என்று நிறுவிவிட்டால் அதை ஒதுக்கிவிடலாம். எஞ்சியவற்றிலிருந்து பாடத்தைத் தேர்ந்து, விட்ட பாடபேதங்களைப் பக்கத்தின் அடியில் குறியீடுகளோடு தர வேண்டும். எந்தப் பாடமும் பொருள் தராத இடத்தில் மட்டுமே பதிப்பாசிரியர் தன் ஊகத்தை வைக்கலாம்.

பிழைகள் எங்கே வரும்? எழுதுபவரின் கண் ஒரு சொல்லிலிருந்து, கீழே வரும் அதே சொல்லுக்குத் தாவிவிடும். நடுவில் இரண்டு வரி காணாமல் போகும். அதைவிட நுட்பமான பிழை ஒலியால் வருவது. ‘நாம்’ என்பதற்குக் கிரேக்கத்தில் ‘ஹேமெய்ஸ்’, ‘நீங்கள்’ என்பதற்கு ‘ஹுமெய்ஸ்’. பைசாந்திய எழுத்தரின் வாயில் இரண்டுமே ‘இமிஸ்’. மனத்துக்குள் சொல்லிக்கொண்டே எழுதும்போது ‘நாம்’ ‘நீங்கள்’ ஆகிவிடும், ‘நீங்கள்’ ‘நாம்’ ஆகிவிடும். ஒரு பேருரையில் பழியைச் சுமப்பது யார் என்பதே மாறிவிடும். கேம்பிரிட்ஜில் பிரம்படிக்குக் காரணமான அதே உயிரெழுத்துகள்தான் இங்கேயும் வேலை செய்கின்றன. பழைய உச்சரிப்பும் எழுத்தரின் உச்சரிப்பும் இரண்டும் தெரிந்தவருக்குத்தான் இந்தப் பிழை பிடிபடும்.

கைஸ்ஃபோர்டு இறந்ததும் 1855-இல் பிரதமர் பாமர்ஸ்டனின் பரிந்துரையில் பெஞ்சமின் ஜோவெட் நியமிக்கப்பட்டார். அரச இருக்கை என்பதால் நியமனம் மன்னருடையது, நடைமுறையில் பிரதமருடையது. பல்கலைக்கழகத்தின் உள்பகையைத் தாண்டி ஒருவரைக் கொண்டுவர இது வழி விட்டது. உள்ளே வந்தபின் அவரைக் காக்க மட்டும் இதனால் ஆகவில்லை. ஜோவெட் பேலியல் கல்லூரியின் ஆசிரியர். முந்தைய ஆண்டுதான் அக்கல்லூரியின் தலைமைப் பதவிக்கான தேர்தலில் ராபர்ட் ஸ்காட்டிடம் தோற்றிருந்தார். லிடெல்–ஸ்காட் கிரேக்க அகராதியின் அதே ஸ்காட். அந்த அகராதியின் மற்றொரு ஆசிரியரான லிடெல், கைஸ்ஃபோர்டுக்குப் பின் கிறைஸ்ட் சர்ச்சின் டீனானார். அதாவது ஜோவெட்டின் சம்பளத்தைக் கொடுக்க வேண்டிய கல்லூரிக்குத் தலைவர்.

ஜோவெட் 1855-இல் பவுலின் நிருபங்களுக்கு எழுதிய உரையைப் படித்த சிலர் அவருடைய சமய நம்பிக்கையைச் சந்தேகித்து, துணைவேந்தரிடம் புகார் சொன்னார்கள். ஆங்கிலத் திருச்சபையின் 39 விதிகளுக்கு அவர் மறுபடியும் கையெழுத்திட வேண்டியதாயிற்று. 1860-இல், பைபிளையும் மற்ற எந்த நூலையும் போலவே வாசித்துப் பொருள் காண வேண்டும் என்று எழுதினார். அது நெருப்பை மூட்டியது. ஒரு கிரேக்கப் பேராசிரியர் சொல்லக்கூடிய மிக இயல்பான கருத்து அது. சுவடியை ஒப்பிடுபவர் எந்தச் சுவடிக்கும் விலக்குத் தர முடியாது.

அவரைப் பதவியிலிருந்து இறக்க வழியில்லை. ஆனால் சம்பளத்தை உயர்த்தாமல் இருக்க வழி இருந்தது. 40 பவுண்டைப் பெருக்கும் தீர்மானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, தோற்றன. எபிரேயப் பேராசிரியரும் கிறைஸ்ட் சர்ச் கேனனுமான பியூசி உள்ளிட்டோர் 1863-இல் துணைவேந்தரின் நீதிமன்றத்தில் வழக்கே தொடுத்தார்கள், அது நிலைக்கவில்லை. 1864-இல் பியூசியே சமரசத்துக்கு இறங்கி வந்தார்: ஜோவெட்டின் இறையியலைப் பல்கலைக்கழகம் ஏற்கிறது என்று பொருளாகாது என்ற நிபந்தனையோடு சம்பளத்தை உயர்த்தலாம் என்றார். ஆனால் முடிவு கான்வொக்கேஷன் கையில். முதுகலைப் பட்டம் பெற்று, பெயரைப் பதிவில் வைத்திருக்கும் எவரும், நாட்டின் எந்த மூலையில் குருவாக இருந்தாலும், அந்த அவையில் வந்து வாக்களிக்கலாம். கிராமப்புறக் குருமார்கள் ரயிலேறி வந்து தீர்மானத்தைத் தோற்கடித்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தது வரலாற்று ஆராய்ச்சி. எட்வர்ட் ஃப்ரீமன் என்ற வரலாற்றறிஞரும் சார்லஸ் எல்டன் என்ற சட்ட வல்லுநரும் பழைய ஆவணங்களைத் தோண்டினார்கள். கிறைஸ்ட் சர்ச் அனுபவிக்கும் நிலங்களோடு பேராசிரியர்களைப் பராமரிக்கும் கடமையும் சேர்ந்தே வந்தது என்ற வாதம் எழுந்தது. சட்டப்படி தனக்கு அந்தக் கடமை உண்டு என்று கல்லூரி ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 1865-இல் தானாகவே சம்பளத்தை 500 பவுண்டாக உயர்த்தியது. ஜோவெட் அந்தப் பத்தாண்டும் 40 பவுண்டில் விரிவுரை நடத்தினார், பேலியல் ஆசிரியர் பணியின் வருவாயில் வாழ்ந்தார். ஒரு நாள்கூடப் பாடத்தை நிறுத்தி அவர் பேரம் பேசவில்லை என்பதை அவருடைய எதிரிகளும் மறுக்க முடியாது.

அவருடைய பிளேட்டோ மொழிபெயர்ப்பு 1871-இல் நான்கு தொகுதிகளாக வந்தது. கைஸ்ஃபோர்டின் கண்ணோட்டத்தில் அது பேராசிரியர் வேலையே அல்ல; பாடத்தைத் திருத்தாமல் பொருளை மட்டும் தருவது. துல்லியத்தில் குறை சொல்ல இடம் உண்டுதான். ஆனால் கிரேக்கம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் பிளேட்டோவைப் படித்தது அதன் வழியாகத்தான். இருக்கையின் வாசகர் யார் என்ற கேள்விக்கு ஜோவெட் தந்த விடை அது. கிரேக்கத்தின் செல்வாக்கு இந்தியாவுக்கும் நீண்டது. இந்திய சிவில் சர்வீஸுக்குப் போட்டித் தேர்வு வைக்கத் திட்டம் வகுத்த 1854-ஆம் ஆண்டின் மெக்காலே குழுவில் ஜோவெட்டும் உறுப்பினர். அந்தத் திட்டத்தில் கிரேக்கத்துக்கு 750 மதிப்பெண், லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலைக்கு 375. தமிழுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. சென்னை மாகாணத்தை ஆள வந்தவர்கள் ஹோமரைக் கரைத்துக் குடித்திருந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

அதே ஜோவெட்டுக்குத் தமிழ் ஒரு விதத்தில் கடன்பட்டிருக்கிறது. ஜி. யு. போப் ஓய்வுக்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். பேலியல் கல்லூரியில் குருவாகவும் இருந்தார். அப்போது ஜோவெட் அக்கல்லூரியின் தலைவர். 1870-இல் ஸ்காட்டுக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர். ஒரு நிலவொளி இரவில் கல்லூரி முற்றத்தில் நடந்துகொண்டே போப் தமிழ்க் கவிதையைப் பற்றிப் பேச, திருவாசக மொழிபெயர்ப்பை அச்சிட்டே ஆக வேண்டும் என்றார் ஜோவெட். அத்தனை காலம் உயிரோடு இருப்பேன் என்று தனக்கு யாரும் எழுதிக்கொடுக்கவில்லை என்றார் போப். பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நீண்ட நாள் வாழும் வழி, முடிக்கும்வரை இருப்பீர்கள் என்று தோளில் கைவைத்துச் சொன்னார் ஜோவெட். 1893-இல் ஜோவெட் இறந்தார். 1900-இல் தன் எண்பதாவது பிறந்தநாளன்று போப் திருவாசகத்தின் முன்னுரைக்குத் தேதியிட்டார். இந்த உரையாடல் அந்த முன்னுரையில்தான் இருக்கிறது.

ஜோவெட்டுக்கு அடுத்து கிரேக்க இருக்கைக்கு வந்த இங்கிராம் பைவாட்டர் மறுபடியும் சுவடிக்குத் திரும்பினார். அரிஸ்டாட்டிலின் கவிதையியலுக்கு அவர் 1909-இல் வெளியிட்ட உரை இன்றும் பயன்படுகிறது. அந்த நூலுக்குப் பாரிஸ் சுவடி ஒன்றே மூலச் சாட்சி என்று அன்று பெரும்பாலும் நம்பினார்கள். ஃபிளாரன்ஸின் ரிக்கார்டியானா நூலகத்தில் உள்ள இன்னொரு சுவடிக்கு உரிய இடம் அவர் பதிப்பில் கிடைக்கவில்லை. 1965-இல் ருடால்ஃப் காசெல் பதிப்பித்தபோதுதான் அது தனிச் சாட்சியாக முழு மதிப்புப் பெற்றது. குடும்பம் பிரிக்கும் கட்டத்தில் ஒரு சுவடியைத் தவறாக மதிப்பிட்டால் அதன் விளைவு பாடம் முழுக்கப் பரவும். எவ்வளவு கூர்மையான அறிஞருக்கும் இது நேரும்.

1908-இல் கில்பர்ட் மரே வந்தார். சிட்னியில் பிறந்தவர், 23 வயதிலேயே கிளாஸ்கோவில் பேராசிரியரானவர். அவருடைய யூரிபிடிஸ் மொழிபெயர்ப்புகள் லண்டன் மேடைகளில் நடிக்கப்பட்டன. அவர் காலத்தில்தான், 1920-இல், ஆக்ஸ்ஃபோர்டில் எல்லா மாணவருக்கும் கிரேக்கம் கட்டாயம் என்ற விதி நீங்கியது. இருக்கை அதனால் சுருங்கவில்லை. விரும்பி வருபவர்களுக்குக் கற்பிக்கும் இடமாயிற்று.

1936-இல் இ. ஆர். டாட்ஸ். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தவர்கள் தங்களுக்குள் ஒருவரை எதிர்பார்த்திருக்க, பிரதமர் பால்ட்வின் பர்மிங்ஹாமிலிருந்து ஒரு அயர்லாந்துக்காரரைக் கொண்டுவந்தார். அதுவும் மாணவராக இருந்தபோது, 1916-இல், டப்ளின் எழுச்சியை ஆதரித்ததற்காக ஆக்ஸ்ஃபோர்டைவிட்டுப் போகச் சொல்லப்பட்டவரை. வரவேற்பு குளிர்ந்தே இருந்தது. கிரேக்கர்கள் என்றால் பகுத்தறிவு என்று பழகிய உலகத்துக்கு, கனவு, சாமியாட்டம், சாபம், பேய்பிடித்தல் ஆகியவை அவர்களின் சிந்தனையில் எவ்வளவு ஆழமாக இருந்தன என்று 1951-இல் வெளிவந்த நூலில் அவர் காட்டினார். என் கணிப்பில் இந்த இருக்கையிலிருந்து வந்தவற்றுள் மிகத் தொலைவுக்குச் சென்ற ஆராய்ச்சி அதுவே. உள்ளூர் தேர்தலுக்கு விட்டிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார்.

அவருக்குப் பின் ஹியூ லாயிட்-ஜோன்ஸ் 1960 முதல் 1989 வரை. பிறகு 2003 வரை பீட்டர் பார்சன்ஸ், பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய பழஞ்சுவடிகளை வாசிப்பதில் தேர்ந்தவர். 1896-97 குளிர்காலத்தில் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரு ஆக்ஸ்ஃபோர்டு இளைஞர்கள் எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் என்ற பழைய ஊரின் குப்பைமேடுகளைத் தோண்டத் தொடங்கினார்கள். அங்கே கிடைத்த பாப்பிரஸ் துண்டுகள் லட்சக்கணக்கில். அவற்றை வெளியிடும் வரிசை 1898-இல் தொடங்கி எண்பது தொகுதிகளைத் தாண்டி இன்னும் போகிறது. பூச்சி அரித்து, பாதி வரி கிழிந்து, புள்ளியோ சொல் இடைவெளியோ இல்லாமல் கிடக்கும் எழுத்தை முதலில் ஒவ்வொன்றாகப் பெயர்த்தெழுதி, ஐயமுள்ள எழுத்தின் கீழே புள்ளி வைத்து, விடுபட்ட இடத்தில் எத்தனை எழுத்துகள் அடங்கும் என்று அளந்து, அதன் பிறகுதான் சொல்லை ஊகிக்க வேண்டும்.

அந்த வரிசையின் மூன்றாம் தொகுதியில், 1903-இல், 413 என்ற எண்ணுடன் ஒரு நாடகத் துண்டு வெளியானது. இந்தியக் கடற்கரையில் சிறைப்பட்ட கரிட்டியோன் என்ற கிரேக்கப் பெண். அவளை மீட்க வந்தவர்கள் அரசனுக்கும் அவன் ஆட்களுக்கும் மதுவை ஊற்றி மயக்கித் தப்புகிறார்கள். இந்தியர்கள் பேசும் வரிகள் கிரேக்க எழுத்தில் இருக்கின்றன, ஆனால் கிரேக்கம் அல்ல. அது கன்னடம் என்று கல்வெட்டறிஞர் ஹுல்ச் 1904-இல் வாதிட்டார். மேடைக்காகக் கட்டிய வெற்று ஒலி என்று மறுத்தவர்களும் உண்டு. எந்தத் திராவிடச் சொல்லோடு ஒப்பிடுவதற்கு முன்னும் முடிவு செய்ய வேண்டிய ஒன்று உண்டு: ரோமர் ஆட்சிக்கால எகிப்தில் அதை எழுதியவர் ஈட்டாவை ‘ஏ’ என்று நினைத்து எழுதினாரா, ‘ஈ’ என்று நினைத்து எழுதினாரா?